யன்னல் வைக்க வந்தவன்

செப்டம்பர் 13, சனி

இன்று தச்சன் வந்தான். பெயர் கார்ஸ்டன். குசினியை அளந்துவிட்டுப் போகத்தான் வரச்சொன்னது. அவன் மத்தியானம் தாண்டியும் நின்றான். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், ஆனால் தொந்தி இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான் என்பதற்காகவே என் மனைவி மலருக்கு அவனைப் பிடித்துவிட்டது. "பாத்தீங்களே, வேலைக்கு வாறவங்கள் ஆர் இப்பிடிக் கழட்டுறது?" என்றாள். நானும் இத்தனை வருடமாக அதே வாசலில்தான் கழற்றுகிறேன். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை.

புது அலுமாரிகள், புதுத் தளம், அதோடு பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு மேலே ஒரு யன்னல். யன்னல்தான் மலருக்கு முக்கியம். வெறும் சுவரைப் பார்த்துக் கழுவிக் கழுவி அலுத்துவிட்டதாம். சுவரைப் பார்த்தால் என்ன, ரோட்டைப் பார்த்தால் என்ன, பாத்திரம் ஒன்றுதானே என்று எனக்கு.

இருவரும் டேனிஷில் கதைத்துத் தள்ளினார்கள். மலர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அவளுக்கு அந்தப் பாஷை தண்ணீர்பட்ட பாடு. நான் சீஸ் தொழிற்சாலையில். எங்கள் வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் எங்கடை ஆட்கள். போர்மன் வந்து கத்தும்போது மட்டும்தான் அங்கே டேனிஷ் தேவைப்படும், அதுவும் விளங்காமல் இருப்பதுதான் நல்லது.

எனக்கென்று பொரித்து வைத்த றோல்ஸில் பாதியை அவன் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

மலர் போனில் அலுமாரிப் படங்களைக் காட்டி "எது வடிவு?" என்று கேட்டாள். எது மலிவோ அது என்றேன். அதற்குப் பிறகு காட்டவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

பழைய அலுமாரிகளை இறக்கிவிட்டான். அரிசி வாளி, மிளகாய்த்தூள், பருப்புப் போத்தல்கள் எல்லாம் ஹோலில், சோபாவைச் சுற்றி. சமையல் ஒற்றை மின்னடுப்பில். புட்டுக்குள்ளும் சீமெந்துத் தூசு மணக்கிறது.

வேலையால் வரும்போது வாசலிலேயே மலரின் சிரிப்புக் கேட்டது. விருந்தாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. என்னோடு கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள்? நின்று யோசித்துப் பார்த்தேன். மகள் சாரங்கா கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, நான் பனியில் சறுக்கி விழுந்ததற்கு.

நான் உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. "என்ன பகிடி?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லையப்பா, சும்மா."

சும்மாவுக்கு இப்பிடியே சிரிக்கிறது? என்ர வீட்டுக்குள்ள, நான் வந்தோடன வாயை மூடிக்கொண்டு?

செப்டம்பர் 27, சனி

மலர் நேரத்தோடு சமையலை முடித்துவிட்டு டிவிக்கு முன்னால் வந்து இருந்தாள். ஒரு பிரெஞ்சுப் படமாம். வீடு திருத்த வெளிக்கிட்டு எல்லாம் பிழைத்துப்போகிற பகிடிப் படமாம். ஆர் சொன்னது என்று கேட்டேன். "கார்ஸ்டன்தான். குசினி உடைக்கிற சனமெல்லாம் கட்டாயம் பாக்கவேணுமாம்." சரி. எங்கள் வீட்டில் என்ன படம் பார்ப்பது என்பதும் இனி அவன் கையில்.

பேச்சு பிரெஞ்சு, கீழே எழுத்து டேனிஷ். நான் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் அங்கே ஒரு சண்டை தொடங்கி முடிந்துவிடும். எனக்கு விளங்கின மட்டில் கதை இது. கடற்கரையூரில் ஒருவன், மனைவி தாய் வீட்டுக்குப் போன சமயம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல் சமையலறையை மேல்மாடிக்கு மாற்றுகிறான். அவள் சமைக்கும்போது கடல் தெரியவேண்டுமாம். அடுப்பு படிக்கட்டில் இறுகிவிடுகிறது. பிறகு கூரையைப் பிரித்துக் கிரேனால் இறக்கப் பார்க்கிறார்கள். கிரேன்காரன் இடையில் சாப்பிடப் போய்விட, அடுப்பு ஊருக்கு மேலே தொங்குகிறது. மனைவி கையில் பாணோடு வந்து நிற்கிறாள். கீழேயும் குசினி இல்லை, மேலேயும் இல்லை.

இவ்வளவுக்குள்ளும் அந்த மனிதனுக்கு வரிப் பிரச்சினை வேறு. எந்த நேரமும் மனைவிக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறான், கீழே எழுத்தில் ஸ்கட், ஸ்கட் என்றே வருகிறது. ஸ்கட் என்றால் வரி. இந்த நாட்டில் சம்பளம் எடுக்கிற எவனும் முதலில் படிக்கிற சொல் அது. அவள் வரிக் கந்தோரில் வேலை போலிருக்கிறது, கள்ளமாக வீடு திருத்துகிறவனுக்குப் பயம் இருக்கும்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவில் அவள் "குயிசின்!" என்று கத்தினாள். நான் எழும்பிவிட்டேன். "மலர், கேட்டனியே? குசினி எண்டுறாள்! எங்கட குசினி!" மலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்சம்தான். என்றாலும் அது என்னுடைய பகிடிக்கு.

செப்டம்பர் 29, திங்கள்

எனக்கு இன்று லீவு. மலருக்குப் பின்னேர வேலை. அவள் கோப்பியோடு குசினி வாசலில் நின்று அவனோடு கதைத்துக்கொண்டிருந்தாள். ஹோலில் இருந்த எனக்கு இரண்டே சொல் விளங்கியது: குயிசின், குசினி. அவன் வீடு அதிரச் சிரித்தான்.

எனக்கென்று இருந்தது ஒரு நல்ல பகிடி. அதையும் கொண்டுபோய் அவனிடம் கொடுத்துவிட்டாள்.

செப்டம்பர் 30, செவ்வாய்

புரொண்பியிலிருந்து சாரங்கா போன் எடுத்தாள். நான் தமிழில் கேட்பேன், மகள் டேனிஷில் பதில் சொல்வாள், அவசரமென்றால் மட்டும் தமிழுக்கு வருவாள். படத்தைப் பற்றிச் சொன்னேன். வரிக்கு அவ்வளவு பயப்படுகிற ஆளை நான் கண்டதில்லை என்றேன். அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்பா, ஸ்கட் எண்டா வரி மட்டுமில்லை. செல்லம் எண்டும் அர்த்தம். மனிசிக்கு, விருப்பமான ஆக்களுக்குச் சொல்லுறது."

வரிக்கும் செல்லத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற சனம்! எனக்கு எப்படித் தெரியும்? இங்கே என்னோடு ஸ்கட் என்று கதைத்தது வரிக் கந்தோர் ஒன்றுதான்.

அக்டோபர் 3, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுறன்.

கார்ஸ்டன் வேலை முடித்துப் போக வெளிக்கிட்டான். வாசலில் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். நிமிர்ந்து மலரைப் பார்த்து, ஏதோ வருசக்கணக்காகப் பழகினவன் மாதிரி விரலை ஆட்டிக்கொண்டு சொன்னான்: "ஹுஸ்க் ஸ்கட்!"

ஹுஸ்க் எண்டா மறக்காதை. அது எனக்கு நல்லா விளங்கும், தொழிற்சாலைச் சுவர் முழுக்க அதுதான் எழுதியிருக்கு: ஹுஸ்க், கை கழுவு, ஹுஸ்க், தொப்பி போடு. அப்ப இது என்ன? மறக்காதை, செல்லம்!

நான் அங்கதான் இருக்கிறன். அவளின்ர புருசன், சோபாவில, பருப்புப் போத்தல்களுக்கு நடுவில. என்னை ஒரு போத்தலாக்கூட அவன் மதிக்கேல்லை. அவள்? வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. "யா, யா" எண்டு சிரிச்சுக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

எதை மறக்கக்கூடாது?

கேட்கவில்லை. கேட்டால், அவள் ஓம் என்று சொல்லிவிட்டால்?

அக்டோபர் 4, சனி

அவள் காலையில் பாட்டு முணுமுணுத்தபடி கோப்பி போட்டாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

தேவராசா அண்ணையைக் கூப்பிட்டேன். தொழிற்சாலையில் என் பக்கத்தில் நிற்கிறவர். உலகத்தில் அவருக்குத் தெரியாத வேலை இல்லை, இதுவரை அவர் செய்து முடித்த வேலையும் இல்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். "ஒரு யன்னலுக்கு ஏன் தம்பி வெள்ளைக்காரன்? ஒரு பகல் வேலை. விடு, நான் பாக்கிறன்."

கார்ஸ்டனுக்கு மெசேஜ் எழுதினேன். போனே மொழிபெயர்த்துத் தந்தது. நன்றி, இனி வரவேண்டாம், மிச்சத்தை நாங்கள் செய்கிறோம்.

மலரிடம் அவனுக்கு வேறு இடத்தில் அவசர வேலையாம் என்று சொன்னேன். அவள் முகம் அப்படியே வாடிப்போனது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் எரிந்தது. நான் ஒரு கிழமை காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த முகம் இவ்வளவு வாடவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

கடவுளே.

மலர் வேலைக்குப் போனதும் தொடங்கினோம். யன்னல் வந்து கராஜில் நிற்கிறது. சுவரில் கார்ஸ்டன் ஒரு சிலுவைக் குறியும் பக்கத்தில் இரண்டு இலக்கமும் போட்டு வைத்திருந்தான். "முதல் இலக்கம் உயரம், அடுத்தது அகலம், எல்லா இடமும் அப்பிடித்தான்" என்றார் தேவராசா அண்ணை. வாடகைக்கு எடுத்த இயந்திரத்தால் வெட்டினோம். தூசிக்குள் ஒருவரை ஒருவர் காணவில்லை. தூசி அடங்கியபோது சுவரில் நெட்டையாக ஒரு ஓட்டை, ஆள் நின்று போகலாம் போல. யன்னலைக் கொண்டுவந்து வைத்தால் அது படுத்த யன்னல். இங்கே அகலத்தைத்தான் முதலில் எழுதுவார்களாம். பிறகு போனில் தேடித்தான் தெரிந்தது.

"பிரச்சினையில்லை, பக்கவாட்டில கொஞ்சம் வெட்டுவம்" என்றார். கொஞ்சம் வெட்டினோம். மேலே இருந்த கற்கள் தாங்க ஒன்றுமில்லாமல் ஒவ்வொன்றாகக் கொட்டத் தொடங்கின. பயத்தில் நான் யன்னலைத் தூக்கி அண்டக் கொடுத்தேன். அது ஓட்டைக்குள்ளால் வழுக்கி வெளியே போய்க் குப்பை வாளிக்கு மேலே விழுந்து நொறுங்கியது. பக்கத்து வீட்டுப் பெண் இலை கூட்டிக்கொண்டு நின்றவள், எங்கள் குசினிக்குள் நின்ற என்னை நேராகப் பார்த்து, மரியாதையாகக் காலை வணக்கம் சொன்னாள்.

தேவராசா அண்ணைக்கு அப்போதுதான் மனிசியைக் கடைக்குக் கூட்டிப்போக வேண்டிய ஞாபகம் வந்தது.

அக்டோபர் 11, சனி

நேற்று மலர் வந்து ஓட்டையைப் பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் சீலையைத் தேடி எடுத்தாள். இருவரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து ஒட்டினோம். இன்று காலைதான் கேட்டாள்.

"கார்ஸ்டனுக்கு என்ன சொன்னனீங்கள்?"

எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "உன்னைச் செல்லம் எண்டு கூப்பிடுறவனுக்கு நான் கதவைத் திறந்து விடவோ?"

"என்னை ஆர் செல்லம் எண்டது?"

"ஹுஸ்க் ஸ்கட் எண்டவனெல்லே! என்ர காதால கேட்டனான்!"

மலர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, அந்த இல்லத்தில் மறதிக்காரருக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னாள். "புது யன்னலுக்கும் சுவருக்குள்ள வைக்கிற பஞ்சுக்கும் வரியில கழிவு எடுக்கலாம். வேலை முடிய வரிக் கந்தோருக்கு அறிவிக்க மறக்கவேண்டாம் எண்டு சொன்னவன். ஸ்கட் எண்டா வரி எண்டு உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். நன்றாகத் தெரியும். போன கிழமை வரைக்கும் எனக்கு அது ஒன்றுதான் தெரியும்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். வேறு யாருக்கும் நடந்திருந்தால் நானே சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. இலையுதிர்கால லீவுக்கு வீட்டில் நின்று அலுமாரி அடுக்குவதாக இருந்தவள் பெட்டியை எடுத்தாள். மத்தியான ரெயிலில் சாரங்காவிடம் போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்

வடகடல் காற்று இந்த ஊரில் வேறு வேலை இல்லாமல் என் குசினிக்குள் வருகிறது. ஜாக்கெட்டோடு சோறு தின்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

மலருக்கு அடித்தேன், தூக்கவில்லை. சாரங்காவுக்கு அடித்தேன். "அம்மா சுகமா இருக்கிறா" என்று தமிழில் சொன்னாள்.

அக்டோபர் 16, வியாழன்

மலரே போன் எடுத்தாள். மின்சாரக் கட்டணம் பற்றி ஏதோ கேட்டுவிட்டு வைக்கப் பார்த்தாள். திரும்பி வருவாயோ என்று கேட்டேன்.

"திங்கள் வேலை கிடக்கு, ஞாயிறு வருவன்." போனை வைக்கவில்லை. "அவனோடை நான் ஏன் சிரிச்சனான் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்லை. ஐமிச்சப்படத்தான் தெரிஞ்சுது."

"சொல்லு."

"அவன் கேட்டவன். யன்னல் எந்த இடத்தில வேணும், ஏன் அங்க, அதால என்னத்தைப் பாக்கப் போறீங்கள் எண்டு. நான் சொன்னன். அதிலயிருந்து வேலையிடத்துக் கதை, கிழவியளின்ர கதை, சாரங்கா சின்னனில செய்த கூத்து, எல்லாம் வந்திது. எனக்கே நான் இவ்வளவு கதைப்பன் எண்டு தெரியாது. கேக்கிறதுக்கு ஒரு தச்சன் வரவேண்டிக் கிடந்திது."

மின்சாரக் கட்டணம் கட்டிவிடுகிறேன் என்றேன்.

அவன் செல்லம் என்று கூப்பிட்டிருந்தால் போய்ச் சண்டை பிடிக்கலாம். கேள்வி கேட்டவனோடு என்னெண்டு சண்டை பிடிக்கிறது? இப்போது முந்தியதைவிட மோசமாக எரிகிறது. அந்த யன்னலால் அவள் எதைப் பார்க்கப் போகிறாள் என்று அந்த மனிதனுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

அக்டோபர் 18, சனி

கார்ஸ்டனின் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் டேனிஷில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போன வசனம் அவனைக் கண்டதும் காணாமல் போய்விட்டது. மன்னிக்கவும், சுவர், பெரிய ஓட்டை — இவ்வளவுதான் வாயில் வந்தது. கையால் ஓட்டையின் அளவைக் காட்டினேன். அவன் கை இரண்டையும் இன்னும் விரித்து, இவ்வளவோ என்று கேட்டான். ஓம் என்றேன்.

பிறகு விரலை என் பக்கம் நீட்டி, "குசினி!" என்றான். அவன் மெதுவாகச் சொல்லச் சொல்ல விளங்கியது. அந்தப் பகிடியைச் சொல்லும்போதே, இது என் மனிசன் சொன்னது என்று மலர் அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

வருகிறேன் என்றான். ஏன் நிற்பாட்டினாய் என்று மட்டும் கேட்கவில்லை. எல்லாம் கேட்கிற ஆள், அதை ஏன் கேட்கவில்லை? தெரிந்துதான் இருக்கும்.

அக்டோபர் 19, ஞாயிறு

மலர் வந்துவிட்டாள். ரெயிலடிக்குக் காரோடு போனேன். வீட்டுக்கு வந்தபிறகும் கோட்டைக் கழற்றவில்லை. குளிருக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

நவம்பர் 1, சனி

சுவருக்குள் இரும்பு வளை வைத்து, விழுந்த கல்லெல்லாம் திரும்பக் கட்டிவிட்டான். புது யன்னலுக்குச் சொல்லியிருக்கிறது. மலர் அவனுக்குக் கட்லட் பொரித்தாள். இந்தமுறை எனக்கும் தனியாக ஒரு தட்டு. மிளகாய் கூடப் போட்டது என்னுடையதில்.

அவர்கள் கதைத்துச் சிரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை என்று எழுதினால் பொய். ஹோலில் இருந்துகொண்டு பத்திரிகையின் ஒரே பக்கத்தை வைத்துப் பார்த்தபடி இருந்தேன். கேட்கிறதென்ன பெரிய வேலை, நானும் கேட்பேன் என்று எழும்பினேன். வாசலில் போய் நின்று, கேட்க ஒன்றும் வராமல், அடைசல் ஏதும் கொண்டுபோய்க் கொட்டவோ என்றேன்.

நவம்பர் 15, சனி

யன்னல் வைத்தாயிற்று. கார்ஸ்டன் எனக்குக் கை தந்தான், மலருக்குக் கை தந்தான். அவள் வாசலில் நின்று அவன் வான் திரும்பும் வரை பார்த்தாள். அவள் எவ்வளவு நேரம் பார்க்கிறாள் என்று நான் பார்த்தேன்.

இனி அவன் வரமாட்டான். நிம்மதியாக இருக்கவேண்டும். வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை. இந்த வீடு அவன் வர முன்னமும் இப்படித்தானா இருந்தது?

நவம்பர் 18, செவ்வாய்

மலர் வேலையால் வந்து பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றாள். யன்னலுக்கு வெளியே மழை. நான் பக்கத்தில் போய் நின்றேன். துடைக்கிற துணியை எடுத்தேன்.

"இண்டைக்கு வேலையில என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

அவள் குழாயை மூடினாள். "ஏன், என்ன செய்யுது? நெஞ்சு கிஞ்சு நோகுதோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

திரும்பவும் குழாயைத் திறந்தாள். சரி, பிந்திவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கோப்பை துடைத்து வைத்தபிறகு, என்னைப் பார்க்காமலே தொடங்கினாள். இல்லத்துக்குப் புதிதாக ஒரு கிழவர் வந்திருக்கிறாராம். யாரையும் நம்பாத ஆளாம். இன்று காலை இவள் குளிசையைக் கொடுக்க, வாயில் போட்டுவிட்டு "கிஃப்ட்?" என்று கேட்டாராம். நீ கலியாணம் கட்டினனியோ என்று கேட்கிறார் என்று நினைத்து, ஓம், முப்பது வருசமா என்றாளாம். மனிதர் குளிசையை அவள் மேலேயே துப்பிவிட்டாராம்.

எனக்கு விளங்கவில்லை. "அதுக்கேன் துப்பினவர்?"

"கிஃப்ட் எண்டா கலியாணம் கட்டினது எண்டும் அர்த்தம்" என்றாள். "நஞ்சு எண்டும் அர்த்தம்."

எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. "முப்பது வருசமா நஞ்சு எண்டோ சொன்னனீ?"

மலர் தட்டைத் தண்ணீருக்குள் போட்டுவிட்டாள். சவர்க்காரக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். ஏதோ சொல்ல வருகிறாள், சொல்ல முடியவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் தொடங்குகிறாள். என் சேர்ட் முழுக்க நுரை.

அவள் கொஞ்சம் அடங்கியபிறகு, இந்தக் கதை கார்ஸ்டனுக்குத் தெரியுமோ என்று கேட்டேன்.

"இண்டைக்குத்தானே நடந்தது" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."